தூரத்தைக் கேட்டேன், பஸ்ஸைச் சொன்னார்கள்

சுகாதார சேவை ஆய்வில், அதுவும் எண்களையும் ஆட்களின் பேச்சையும் சேர்த்துப் பார்க்கும் கலப்பு முறையில் இறங்கலாமா என்று ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த 2010இல் கிளிநொச்சிப் பக்கம் வீடு வீடாகப் படிவம் நிரப்பப் போனதுதான் தொடக்கம். பிறகு பட்டம், முதுமாணி. முதுமாணிக்கு எடுத்த கேள்வி, நீரிழிவுக்காரர் கிளினிக்கை ஏன் இடையில் விடுகிறார்கள் என்பது. முதலில் பதிவேடும் வினாக்கொத்தும், அதில் வரும் எண்கள் ஏன் அப்படி என்று அறியப் பிறகு நேர்காணல். திட்டம் அவ்வளவுதான்.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதக்கணக்கானது. இழுபட்டது சம்மதப் படிவத்தில். எங்கட சனத்திடம் தாளை நீட்டி ஒப்பம் கேட்டால் முகம் மாறும். முகாமில் தொடங்கி எத்தனை பதிவுக்கு ஒப்பம் வைத்தவர்கள். வாசித்துக் காட்டி, சாட்சி ஒருவர் முன்னால் வாய்மொழிச் சம்மதம் வாங்க விடுங்கள் என்று காரணத்தோடு எழுதிக் கேட்டேன், கிடைத்தது. இதற்குக் காலம் ஒதுக்கியே திட்டம் போடுங்கள்.

வினாக்கொத்தில் 'வைத்தியசாலைக்கு எத்தனை கிலோமீட்டர்?' என்று ஒரு கேள்வி. கணினியில் போட்டுப் பார்த்தால் தூரத்துக்கும் கிளினிக் தவறுவதற்கும் தொடர்பே இல்லை. சரி, தூரம் காரணமில்லை என்று எழுதியும் விட்டேன்.

பிறகு துணுக்காய்ப் பக்கம் ஓர் அம்மாவின் திண்ணையில் இருந்து கதைக்கிறேன். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரைக் கைமரத்தில் செருகி வைத்திருந்தார். "தூரம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. வெறுவயித்தோட ரத்தம் குடுக்க வரச் சொல்லுவினம். காலமை ஒரு பஸ்தான். போனமுறை வரிசையில நிண்டபடியே தலை சுத்தி இருந்திட்டன். அருவிவெட்டு நேரமெண்டா அண்டைக்குக் கூலியும் இல்லை."

அடுத்தடுத்த வீடுகளிலும் பஸ் கதைதான். திரும்ப வந்து கிராமங்களை வேறுமாதிரிப் பிரித்தேன்: கிளினிக் நேரத்துக்கு நேரே பஸ் உள்ளவை, மாறி ஏற வேண்டியவை, பஸ்ஸே இல்லாதவை. அப்போதுதான் எண்களில் வித்தியாசம் தெரிந்தது. இந்தப் பிரிப்பு நேர்காணலுக்குப் பிறகு வந்தது என்பதையும் ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுத வேண்டும், அதை விட்டால் முன்பே யோசித்துச் செய்ததுபோல ஆகிவிடும்.

பலர் எண்களுக்கு ஓர் அத்தியாயம், பேச்சுக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது கலப்பு முறையாகவே படவில்லை. நான் ஓர் அட்டவணையில் மூன்று நிரல் போட்டேன்: எண், அதே விடயத்தில் ஆட்கள் சொன்னது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது. இரண்டும் முட்டிய இடங்களை முட்டியபடியே விட்டேன்.

வேலை என்று பார்த்தால் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒப்பந்த வேலைதான், ஒரு திட்டம் முடிய அடுத்ததைத் தேட வேண்டும். புள்ளிவிபரமும் படிக்க வேண்டும், ஒலிப்பதிவை வன்னிப் பேச்சு மாறாமல் எழுதி எடுக்கும் பொறுமையும் வேண்டும். எனக்கு இதை விட மனமில்லை.

இப்போது என் வினாக்கொத்தில் கிலோமீட்டர் இல்லை. 'கிளினிக் நாளில் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுவீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?' என்று கேட்கிறேன்.