பக்-ஆனை எடுத்தால் மட்டும் போதாது

லினக்ஸ் கெர்னலின் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் பல ஆண்டுகளாக ஒரு வேலை நடந்து வருகிறது. எரர் வந்தால் கெர்னலையே அந்த இடத்தில் நிறுத்திவிடும் 'பக்-ஆன்' வரிகளை எடுத்துவிட்டு, முறையான எரர் ஹேண்ட்லிங் எழுதும் வேலை. மெமரி கிடைக்காத ஒரே காரணத்துக்காக மெஷின் விழக் கூடாது. சின்ன பேட்ச்தானே, எரர் வந்தால் ரிட்டர்ன் என்று மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் பக்-ஆன் இருந்தவரை அந்த எரர் அதற்கு மேலே, அதாவது அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்ட ஃபங்ஷன்களுக்கு, போனதே இல்லை. அதை எடுத்ததும் மேலே இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனின் எரர் பாதையும் முதல் தடவையாக ஓடத் தொடங்கும். அதனால் மேலிருக்கும் ஃபங்ஷன்களை முதலில் சரிசெய்யுங்கள். பக்-ஆனைத் தொடுவது கடைசி பேட்சில் இருக்கட்டும்.

அந்தப் பாதைகளில் அடிக்கடி கண்ணில் படுவது சர்ச்-ஸ்லாட் பிரச்சினை. பிடிஆர்எஃப்எஸ் தன் தகவல்களை வைத்திருக்கும் மரத்தில் ஒரு கீயை, அதாவது ஐட்டத்தின் அடையாளத்தை, தேடும் ஃபங்ஷன் அது. இந்த ஃபங்ஷன் எரர் என்றால் மைனஸ் எண் தரும், கீ கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1. 'மைனஸா' என்று மட்டும் பார்த்துவிட்டு மதிப்பை அப்படியே மேலே அனுப்பினால் அந்த 1 சிஸ்டம் கால் வரை போய்விடும். மைனஸ் 1 வரவில்லையே என்று யூசர் புரோகிராமும் வெற்றி என எடுத்துக்கொள்ளும். பாயிண்டர் திருப்பும் ஃபங்ஷனில் நிலைமை இன்னும் மோசம். எரர் எண்ணைப் பாயிண்டராக மாற்றும் எர்-பிடிஆர் வழியாக 1 போனால், பாயிண்டரைச் சோதிக்கும் இஸ்-எர் அதை எரராகவே பார்க்காது, ஏனென்றால் மைனஸ் 1 முதல் மைனஸ் 4095 வரைதான் அதற்கு எரர். கூப்பிட்டவர் முகவரி 1-ஐ பாயிண்டர் என்று நம்பித் திறப்பார், கெர்னல் விழும். கீ இருந்தே ஆக வேண்டிய இடமென்றால் 1-ஐ அங்கேயே மைனஸ் 2 ஆக, அதாவது 'இல்லை' என்ற எரராக மாற்றிவிடுங்கள்.

மரத்தில் தேடிய வழியைக் குறித்து வைக்கும் பாத்தை ஒதுக்கும் ஃபங்ஷன் தோற்றால் நல், அதாவது வெற்றுப் பாயிண்டர், தரும், டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே டிஸ்க்குக்குப் போக வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கும் ஃபங்ஷன் தோற்றால் எரர் பாயிண்டர் தரும். இரண்டையும் ஒரே மாதிரி சோதித்தால் ஒன்று நிச்சயம் தப்பிவிடும். சுத்தம் செய்யும் இடத்தில் வரும் இரண்டாவது எரர் முதல் எரரை அழித்துவிடாமல் அதைத் தனி மாறியில் வையுங்கள்.

உண்மையாகவே யோசிக்க வேண்டிய முடிவு டிரான்சாக்‌ஷனை அபார்ட் செய்வதா, அதாவது பாதியில் கைவிடுவதா, வேண்டாமா என்பதுதான். மரத்தில் எதையும் மாற்றும் முன்பே தோற்றிருந்தால் பிடித்த லாக்கையும் ஒதுக்கிய இடத்தையும் விட்டுவிட்டு, டிரான்சாக்‌ஷனை முடித்து எரரைத் திருப்பினால் போதும். ஒரு ஐட்டத்தை மாற்றிவிட்டு, அதற்கு ஜோடியான அடுத்த ஐட்டத்தில் தோற்றால் அபார்ட் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாதி மாற்றம் டிஸ்க்குக்குப் போய்விடும். ஆனால் பயந்துபோய் எல்லா இடத்திலும் அபார்ட் போடாதீர்கள், அபார்ட் ஆனால் ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிடும். அபார்ட் வரியைப் எல்லா எரரும் வந்து சேரும் பொதுவான கோட்டோ லேபிளுக்கு நகர்த்தவும் வேண்டாம். தோற்ற வரிக்கு அடுத்தே அது இருந்தால்தான் லாகில் வரும் வரி எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

இனி டெஸ்டிங். கெர்னல் கான்ஃபிகில், வேண்டுமென்றே எரர் வரவைக்கும் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன், அதை ஃபைல்கள் வழியாக இயக்கும் டீபக்-எஃப்எஸ் வசதி, ஃபெயில்-ஃபங்ஷன் (ஃபங்ஷனைத் தோற்கடிப்பது), ஃபெயில்ஸ்லாப் (மெமரி ஒதுக்கீட்டைத் தோற்கடிப்பது) ஆகியவற்றோடு கேசான் (தவறான மெமரி அணுகல்), லாக்டெப் (லாக் தவறு), கேமெம்லீக் (மெமரி கசிவு) என்ற மூன்று கண்டுபிடிப்பான்களையும் ஆன் செய்து, ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள். எரர் இன்ஜெக்‌ஷனுக்கு அனுமதி குறிக்கப்பட்ட ஃபங்ஷன்களை மட்டுமே ஃபெயில்-ஃபங்ஷன் ஏற்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் மரத்தின் பிளாக்கை மாற்றும் முன் நகல் எடுக்கும் கவ்-பிளாக், சர்ச்-ஸ்லாட் இரண்டுக்கும் அந்த அனுமதி உண்டு. பெயரை 'இன்ஜெக்ட்' ஃபைலில் எழுதி, ரெட்வால் (திருப்பும் மதிப்பு) மைனஸ் 12, அதாவது 'மெமரி இல்லை' என்ற எரர், புராபபிலிட்டி (தோற்கும் சதவீதம்) 100, டைம்ஸ் (எத்தனை தடவை) 1 என்று வையுங்கள். டாஸ்க்-ஃபில்டரை ஆன் செய்து, டெஸ்ட் புராசஸில் மட்டும் மேக்-இட்-ஃபெயிலை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பின்னணி த்ரெட் எரரை வாங்கிக்கொள்ளும், நீங்கள் எழுதிய வரி ஓடியிருக்காது.

இங்கே 'ஸ்பேஸ்' பெரிய உதவி. அதில் 7 என்று எழுதினால் முதல் 6 அழைப்பு தப்பும், 7-வது தோற்கும். அதனால் ஸ்பேஸை 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் டைம்ஸை 1 ஆக்கி அதே வேலையை ஓட்டுங்கள். ஓடி முடிந்த பிறகும் டைம்ஸ் 1 ஆகவே இருந்தால் அந்த வேலையில் தோற்கடிக்க வேறு அழைப்பு மிச்சமில்லை என்று பொருள். புராபபிலிட்டியை 5 என்று வைத்து இரவெல்லாம் ஓட்டுவதைவிட இந்த வழியையே நான் நம்புவேன். மெமரி ஒதுக்கீட்டுக்கு இதே வேலையை புராசஸின் ஃபெயில்-என்த் ஃபைல் செய்யும். ஃபெயில்ஸ்லாப்பில் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்டை 'என்' ஆக்க மறக்காதீர்கள். அது 'ஒய்' ஆகவே இருந்தால் தூங்கக்கூடிய ஒதுக்கீடுகள் ஒன்றுகூடத் தோற்காது, ஃபைல்சிஸ்டம் கோடிலோ பெரும்பாலானவை அந்த வகைதான்.

கமாண்ட் எரரோடு திரும்பிவிட்டது என்று டெஸ்டை அங்கேயே முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அன்மவுண்ட் செய்யுங்கள், விடாமல் போன ரிசர்வேஷன் (ஒதுக்கி வைத்த இடம்) அங்கேதான் எச்சரிக்கையாக வரும். மாட்யூலை இறக்குங்கள், ரெஃபரன்ஸ் கசிந்திருந்தால் ஆப்ஜெக்ட்களுக்கு மெமரி தரும் ஸ்லாப் கேஷில் மீந்த ஆப்ஜெக்ட் காட்டிக்கொடுக்கும். பிறகு ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் பிடிஆர்எஃப்எஸ் செக் கமாண்டை ஓட்டி, திரும்ப மவுண்ட் செய்து பாருங்கள். கடைசியாக, ஃபைல்சிஸ்டம்களுக்கான டெஸ்ட் தொகுப்பான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸில் ஜெனரிக் 475 என்ற டெஸ்ட். ஃபைல்சிஸ்டத்துக்குச் சுமை தரும் எஃப்எஸ்-ஸ்ட்ரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை டிஎம்-எரராக (எதைப் படித்தாலும் எழுதினாலும் எரர் தரும் போலி டிஸ்க்) மாற்றி, அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்யும் சுழற்சி அது. ஒரு தடவை பாஸ் ஆனால் போதாது, நூறு தடவையாவது ஓட விடுங்கள்.