ஃபிளாப் பிழைத்தால் போதுமா? உணர்வும் வேண்டும்

ஃபிளாப் என்பது உடலின் ஓரிடத்திலிருந்து ரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் பொருத்தும் தோல். அது பிழைத்துவிட்டது என்றால் அதில் ரத்தம் ஓடுகிறது என்றுதான் பொருள். அழுத்தினால் வெளுத்து மறுபடி நிறம் வருகிறது, தையல் ஆறுகிறது, நோயாளி வீட்டுக்குப் போகிறார். அந்தத் தோல் குதிகாலில் இருந்தால், செருப்புக்குள் புகுந்த சிறு கல் அவருக்குத் தெரியாது. சில மாதங்களில் புண்ணோடு திரும்பி வருவார். மார்பில் இருந்தால், வெந்நீர் ஒத்தடப் பை தோலைப் பொத்துப்போகச் செய்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். அதனால்தான் ரத்தக்குழாயைத் திட்டமிடுவதைப் போலவே நரம்பையும் கத்தி வைப்பதற்கு முன்பே திட்டமிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறோம்.

ஃபிளாப்பின் நரம்பை அந்த இடத்து நரம்போடு தைக்காவிட்டாலும் கொஞ்சம் உணர்வு தானாக வரும். ஓரத்திலிருந்தும் அடித்தளத்திலிருந்தும் பக்கத்து நரம்பிழைகள் உள்ளே வளரும். மெல்லிய, சிறிய ஃபிளாப்பில் இது ஓரளவு நடக்கும். கொழுப்பு தடித்த ஃபிளாப்பின் நடுப்பகுதியை எட்டுவது அரிது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் இன்னும் மோசம். முதுகில் ஒரு குழியை மூட வைக்கும் ஃபிளாப்புக்கு நரம்பு தேடி நேரம் செலவிடத் தேவையில்லை. குதிகால், கட்டைவிரல் நுனி, நாக்கு ஆகிய மூன்றையும் மட்டும் அதிர்ஷ்டத்திடம் விடக்கூடாது.

எந்த நரம்பு என்பது ஃபிளாப்பைப் பொறுத்தது. முன்கை ஃபிளாப்பில் வெளிப்புறத் தோல் நரம்பு செபாலிக் சிரையை ஒட்டியே ஓடும். சிரையைப் பிரிக்கும்போதே அதையும் நீளமாக எடுத்துக்கொண்டால் நாக்குப் பக்கம் லிங்குவல் நரம்போடு (நாக்கின் உணர்வு நரம்பு) இணைக்கலாம். தொடை ஃபிளாப்பில் தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பு மேல் ஓரத்தில் நுழையும். குதிகாலுக்கு உள்ளங்கால் வளைவுத் தோலைத் திருப்பி வைக்கும்போது, அந்தத் தோலுக்குப் போகும் நரம்புக்கட்டுகளை மட்டும் மூல நரம்பிலிருந்து உருப்பெருக்கியின் கீழ் நீளவாக்கில் பிரித்தெடுக்க வேண்டும். முழு நரம்பையும் வெட்டினால் விரல்கள் மரத்துப்போகும்.

வயிற்றுத் தோலைக்கொண்டு மார்பகம் அமைக்கும் டீப் (DIEP) ஃபிளாப்பில் அதிகம் சறுக்குவது இரண்டு இடங்களில். ரத்தக்குழாய்க் கிளைகளோடு வரும் நரம்புகளில் தோலுக்குப் போவதும் உண்டு, வயிற்றுத் தசைக்குப் போவதும் உண்டு. தசை தளர்த்தும் மருந்தின் வேகம் இறங்கிய பிறகு நரம்புத் தூண்டியால் தொட்டுப் பாருங்கள்: தசை துடித்தால் அது இயக்க நரம்பு, அதைக் காப்பாற்ற வேண்டும்; இல்லையேல் வயிற்றுச்சுவர் தளரும். இரண்டாவது, ஃபிளாப்பின் நரம்பை இணைப்பதற்கான மார்பு நரம்பு. பெரும்பாலும் மூன்றாம் விலா இடை நரம்பின் முன்கிளைதான் அது. மார்பெலும்பை ஒட்டி வெளிவரும். மார்பகத்தை அகற்றுபவர் அதைத் தெரியாமல் எரித்துவிட்டால் பிறகு தேடுவது பெரும்பாடு. முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தையலுக்கு வருவோம். தமனியும் சிரையும் முடிந்து ஃபிளாப்பில் ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகே நரம்பு. நசுங்கிய முனையைப் புதுக் கத்தியால் ஒரே வெட்டில் சீவ வேண்டும். நரம்புக்கட்டுகள் லேசாகப் பிதுங்கி, வெட்டுமுகத்தில் ரத்தப்புள்ளிகள் தெரியும் வரை சீவ வேண்டும். மிக மெல்லிய 9-0 அல்லது 10-0 நைலான் இழையில் வெளியுறையை மட்டும் பிடித்து 2 முதல் 4 தையல் போதும், முதல் இரண்டும் எதிரெதிரே. இறுக்கினால் உள்ளிருக்கும் கட்டுகள் மடங்கி உறைக்கு வெளியே துருத்தும். அங்கே உணர்வு வராது, வலிக்கும் நியூரோமாதான் (நரம்பு முடிச்சு) வரும். ஃபைப்ரின் பசை போடுவதானால் சுற்றிலும் போடுங்கள், முனைகளுக்கு நடுவே புகக்கூடாது. இழுத்துத்தான் சேர்க்க முடிகிறது என்றால் சேர்க்கவே வேண்டாம். சிறு இடைவெளிக்குக் குழாய் வடிவ இணைப்பு போதும். பெரிய இடைவெளிக்கு ஒட்டு நரம்பு (வேறிடத்து நரம்புத் துண்டு) வேண்டும். வடிகுழாயை அந்த இடத்துக்கு மேல் வைக்காதீர்கள், உருவும்போது தையலையும் சேர்த்து இழுக்கும்.

பிறகு காத்திருப்பு. முதல் சில வாரங்கள் எதுவும் தெரியாது. அதன்பின் நரம்பிழை நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். தையலிலிருந்து தோலுக்கு 9 செ.மீ. என்றால் வளர்ச்சிக்கு மட்டுமே மூன்று மாதம். வளரும் முனையைத் தட்டினால் சுரீரென்று மின்னும். அந்த இடம் மாதாமாதம் முன்னே நகர்ந்தால் நல்ல சேதி, ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அங்கே தடை இருக்கிறது. முதலில் வலி திரும்பும், பிறகு நகரும் தொடுகை, அதற்கும் பிறகே அசையாமல் அழுத்தும் தொடுகை.

இடையில் துணி பட்டாலே கூசும் கட்டம் ஒன்று வரும். நோயாளிகள் பயந்து கைபடாமல் மூடி வைத்துக்கொள்வார்கள். அது நரம்பு வளர்வதன் அடையாளம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பஞ்சு, மெல்லிய துணி, துவாலை என்று படிப்படியாக, ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்குப் பல முறை தடவப் பழக்கினால் கூச்சம் தணியும்.

மூளையும் புதிதாகக் கற்க வேண்டும். மோதிரவிரல் தோலை நரம்போடு கட்டைவிரலுக்குக் கொண்டுவரும் லிட்லர் ஃபிளாப்பில், கட்டைவிரலைத் தொட்டால் மோதிரவிரலில் தொட்டதாகத்தான் முதலில் தோன்றும். கண்ணைத் திறந்து தொட்டுப் பார்த்து, கண்ணை மூடித் தொட்டு, மறுபடி திறந்து சரிபார்க்கும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். செய்தாலும் சிலருக்கு அந்தக் குழப்பம் முழுதாகப் போவதில்லை.

அளக்கும்போது ஓரத்தில் அளந்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது பக்கத்துத் தோலின் உணர்வாக இருக்கலாம். ஃபிளாப்பின் நடுவில், நோயாளி கண்ணை மூடியிருக்க, மோனோஃபிலமென்ட் எனும் சோதனை நைலான் இழை வளையும் வரை மட்டும் அழுத்துங்கள். இழையின் எண் கூடக்கூட அது தடிமனாகும், அழுத்தமும் கூடும். கையில் 2.83 எண் இழை தெரிவது இயல்பானது, 4.31-க்கு மேல் போனால்தான் உணர்கிறார் என்றால் பாதுகாப்பு உணர்வு இன்னும் வரவில்லை. பாதத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் 5.07 இழை தெரிந்தாக வேண்டும். அது தெரியும் வரை குதிகாலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுவதும், நீரின் சூட்டை வேறு இடத்துத் தோலால் சோதிப்பதும் சிகிச்சையின் பகுதிதான். இதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் வீட்டுக்கு அனுப்பும் தாளிலும் எழுதிக் கொடுங்கள்.