பட்டாலையிலிருந்து திண்ணைக்கு: வீட்டுக் கச்சேரி நடத்திப் பார்த்த கதை

எங்கள் ஊரில் சபா கிடையாது. காரைக்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பாதி வீடு பூட்டிக் கிடக்கிற ஊர். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார். பிறகு அவர் பெயரில் பாரிமுனைப் பக்கம் ஒரு மன்றமே எழும்பியது. நம்மூர்க் காசு பட்டணத்தில் மேடை கட்டியது சரி, இங்கே இருந்தவர்கள் எங்கே உட்கார்ந்து பாட்டு கேட்டார்கள்? அதைத் தோண்டப் போய்த்தான், தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டிலேயே கச்சேரி வைத்துப் பார்க்கிறேன். டிக்கெட் இல்லை, உண்டியல் உண்டு.

வீட்டில் பங்காளிகள் ஏழு பேர். ஆறு பேர் வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டினார்கள். ஏழாவது ஆள், கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்தான்.

தை: பட்டாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில் வைத்தேன். 60 அடி நீளம், 20 அடி அகலம், பர்மா தேக்குக் கூரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். பார்க்க அரண்மனைதான். ஆனால் ஒரு கை தட்டினால் அது அடங்க மூன்று விநாடி ஆகிறது. ஆலாபனை வரைக்கும் தேன். சுரம் பாட ஆரம்பித்ததும் எல்லாம் கூழ். மிருதங்கத்தில் ஒரு 'தொம்' ஓய்வதற்குள் அடுத்த நாலு சொல் அதன் தலையில் வந்து விழுகிறது. வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அவ்வளவு வழவழப்பான சுவர் சத்தத்தை விழுங்காது, திருப்பித்தான் எறியும்.

மாசி: அதே இடம், பன்னிரண்டு கோரைப் பாய், ஜமுக்காளம், சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தைகள். கொஞ்சம் தேறியது. பார்வைக்கு வீடு காலி பண்ணுவது போல இருந்தது. ஒரு திரை கட்டலாம் என்று சுத்தியலோடு போனேன். "சுவத்துல ஆணி இறங்குச்சு, உன் கை இருக்காது" என்றாள் அப்பத்தா. இறக்கவில்லை.

பங்குனியில் லீவு. காரைக்குடியில் கம்பன் விழா, 1939ல் சா. கணேசன் தொடங்கியது. கேட்கிற ஆளெல்லாம் அங்கே போய்விடுவார்கள்.

சித்திரை: வளவு முற்றத்தில் வீணை, மைக் இல்லாமல். மேலே வானம் திறந்திருப்பதால் மிச்சச் சத்தம் அப்படியே போய்விடுகிறது, சுற்றியுள்ள தூண்கள் மீதியைச் சிதறடிக்கின்றன. நாலாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கும் கமகம், அதாவது சுரத்தின் நுணுக்கமான அசைவு கேட்டது. காரைக்குடி சகோதரர்களின் பழைய படத்தை எல்லோருக்கும் போனில் காட்டினேன்: அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்திருப்பார், 1952ல் சங்கீத கலாநிதி ஆன தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் படுக்கை வாட்டில். வாசிக்க வந்த டீச்சர் தானும் ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் கோடை மழை. தாழ்வாரத்துக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர், முற்றத்தில் வைத்திருந்த பித்தளை அண்டாவில் டங், டங். சுருதிக்குக் கால் சுரம் கீழே. வீணையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வைகாசி: ஐயாவின் கல்யாணக் கணக்கு நோட்டு பெட்டகத்தில் கிடைத்தது. நாயனக்காரருக்கு வேட்டி, தேங்காய், பழம், பணம் என்று வரிசையாக இருக்கிறது. எந்த இடத்தில் வாசித்தார் என்று எழுதவில்லை. அப்பத்தாவிடம் கேட்டேன்.

"பட்டாலையில யாருடா கச்சேரி வச்சா? அங்க சம்பந்தக்காரவுக உக்காந்திருப்பாக. மேளம் முகப்புத் திண்ணையில. பாட்டுக்கச்சேரின்னா தெருவை அடைச்சுக் கொட்டகை. ஊரே கேக்கணும்ல?"

நாலு மாதமாக மெத்தை தூக்கியிருக்கிறேன். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

ஆக இந்த முறை திண்ணை. பின்னால் சுவர், தலைக்கு மேல் தாழ்ந்த கூரை, முன்னால் திறந்த தெரு. குரல் சுவரில் பட்டு நேரே முன்னால் போகிறது, திரும்பி வர எதிரே ஒன்றும் நெருக்கமாக இல்லை. ஸ்பீக்கரை எடுக்கவே இல்லை. அழைத்தது முப்பது பேர். டீக்கடைக்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றி மிருதங்கம் தனியாக வாசிக்கிற முழுத் தனியாவர்த்தனமும் கேட்டார். வீட்டுக்குள்ளே ஒருநாளும் வராதவர்.

7:40 டவுன் பஸ்ஸை மறந்துவிட்டேன். தெருவில் விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி வழிவிட ஐந்து நிமிடம் ஆனது, பல்லவி பாதியில் நின்றது. ஆனியில் 7:45க்குத்தான் தொடக்கம்.