ஏலாக்குறிச்சியில் எழுதிய சீட்டு

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிறு திருப்பலிப் பூசைக்கான முன்னுரையும் மன்றாட்டுகளும் 11 வருடமாக நான்தான் எழுதிவந்தேன். நன்றாக இருக்கிறது என்று ஆட்கள் சொல்லச் சொல்ல, தமிழ் ஏதோ நானே சம்பாதித்த சொத்து போல மனதில் படிந்துவிட்டது. போன தவக்காலத்தில் ஒரு வாரம் வேறொரு பெண்ணை எழுதச் சொன்னார்கள். அன்று திருப்பலியில் நான் செபிக்கவில்லை. அவள் எழுதியதில் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோதும் அந்தக் கணக்கு ஓடியது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்தப் பாரத்தோடுதான் ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பினேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகப் போய்க் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் திருமானூர். அப்புறம் கொஞ்ச தூரம்தான். ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒடுங்கி ஓடியது. மீதியெல்லாம் மணலும் நாணலும்.

மரியன்னைக்கு அடைக்கல மாதா என்ற பெயரில் கோயில் இருக்கும் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, கலம்பகமும் பாடினார் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்தவர். 1710-இல் இந்தியாவுக்கு வந்து, முப்பது வயதுக்கு மேல்தான் தமிழ் எழுத்தையே கற்கத் தொடங்கினார். அவர் பின்னாளில் தேம்பாவணியை 3615 பாடல்களில் பாடி முடித்தார் என்பதை இங்கே வந்து நிற்கும்போது நம்பவே முடியவில்லை. காப்பியத்தின் தலைவன் வளன், அதாவது இயேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பர். கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று உறைத்தது: நற்செய்தியில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவில் கேட்பார், எழுந்து போவார், செய்வார். அவ்வளவுதான். இவ்வளவு சொல்வளம் வாய்த்த முனிவர், பேசாத அந்தத் தச்சரை அல்லவா பாடினார்! நான் என் சொற்களால் யாரைப் பாடிக்கொண்டிருந்தேன்?

அப்போது பாட்டி நினைவுக்கு வந்தாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. தினமும் இரவு செபமாலை முடிந்ததும், அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, என்னைப் பைபிள் வாசிக்கச் சொல்வாள். திக்கினால், "மறுபடி வாசி, சாமி வார்த்தை உடையக்கூடாது" என்பாள். என் தமிழ் அந்த விளக்கடியில் எனக்குப் போடப்பட்ட பிச்சை. நீ பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது என்று பவுல் கொரிந்தியரைக் கேட்ட கேள்வியை எத்தனை முறை வாசகமாக வாசித்திருக்கிறேன்! அன்றுதான் அது என்னைப் பார்த்துக் கேட்டது. வெகுநேரம் அழுதேன்.

வெளியே வந்தபோது, விண்ணப்பப் பெட்டி பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என் கையில் தாளைத் திணித்தார்.

"எழுதிக் குடு கண்ணு. எனக்குக் கை எழுத்து வராது."

"என்ன எழுதணும் பாட்டி?"

"பேரனுக்குக் காச்சல் விடவே மாட்டேங்குது."

பழக்கதோஷம், 'அடைக்கலம் என்று வந்தோரைக் கைவிடாத அன்னையே' என்று ஆரம்பித்துவிட்டேன். எழுதுவதை வாய்விட்டுச் சொன்னதும் பாட்டி தடுத்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? அவன் பேரு மட்டும் போடு. மிச்சம் அவங்களுக்குத் தெரியும்."

வேறொரு தாளில் பெயரை மட்டும் எழுதினேன். அதில் ஒரு 'சே' வந்தது. ஒற்றைக் கொம்புக்குப் புள்ளி வைத்துக் குறில் நெடில் பிரித்த காலத்தில், நெடிலுக்கு இந்த இரட்டைக் கொம்பைத் தந்தவர் வீரமாமுனிவர் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. அந்தக் கொம்பை மெதுவாக, சுழி பிசகாமல் போட்டேன். என் கையிலிருந்து வந்த ஒரு பெயருக்குள்கூட முழுசாக என்னுடையது என்று சொல்ல ஒரு கோடு இல்லை.

பாட்டி சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போட்டார். பிறகு கோயில் வாசலைப் பார்த்துத் திரும்பிக் கை கூப்பினார்.

"எழுதத் தெரிஞ்ச பிள்ளையக் காட்டுனியே, ஒனக்குக் கோடி நன்றி தாயே."

நானும் அவர் பக்கத்தில் நின்று கை கூப்பினேன்.