தெர்மோஸ்டாட் மூடியில் ஒடிந்த போல்ட்

சென்ற ஆண்டு கச்சான் காற்று ஓங்கி வீசிய நாள்களில் தூத்துக்குடிக் கரையில் எங்கள் வள்ளத்தை ஏற்றி வைத்திருந்தோம். கடலுக்குப் போக முடியாத அந்த வாரத்தில் அவுட்போர்டு இன்ஜினின் (வள்ளத்தின் பின்புறம் மாட்டும் இன்ஜின்) தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறியதும் திறந்து குளிர்நீரை ஓடவிடும் வால்வை, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். அரை மணி நேரம் ஓடியதுமே சூட்டு எச்சரிக்கை ஒலிக்கத் தொடங்கியிருந்தது. குளிர்ச்சிக்கு நீரேற்றும் இம்பெல்லரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. உப்புநீரில் ஓடும் இன்ஜினின் தெர்மோஸ்டாட், காரில் இருப்பதைப் போல் 80 டிகிரிக்கு மேல் சூடேறும் வரை காத்திருப்பதில்லை. சுமார் 50 முதல் 60 டிகிரிக்குள் திறந்துவிட வேண்டும். திறக்காமல் நின்றுவிட்டால் இன்ஜினே வெந்துவிடும்.

அதன் மூடியைப் பிடித்திருப்பவை நான்கே நான்கு 6 எம்.எம். போல்ட்டுகள். 10 நம்பர் ஸ்பேனருக்கு மூன்று வந்துவிட்டன. நான்காவது சற்றே அசைந்தது போலிருந்தது. ஆனால் அந்த அசைவில் ஒரு குழைவு இருந்தது. மரை (போல்ட்டின் திருகுப் புரி) விட்டுக்கொடுக்கும்போது கைக்கு ஒரு சிறு வெட்டு தெரியும். போல்ட்டே முறுகும்போதோ ஸ்பேனர் மெத்தென்று நகரும். அந்த வேறுபாடு எனக்குத் தெரிந்தும், இன்னும் கால் சுற்றுதானே என்று அழுத்தினேன். தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது.

மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டி மூடியை எடுத்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. ஒடிந்த தண்டைச் சுற்றி, ஈரச் சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டது போல வெள்ளைப் பொடி இறுகியிருந்தது. ஒடிந்து விழுந்த தலையில் ஏ2-70 என்று பொறித்திருந்தது, அது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுக்கான குறி. முன்பு யாரோ பழைய போல்ட்டை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் கடையில் கிடைத்த எஸ்.எஸ். போல்ட்டைக் கிரீஸ் தடவாமல் போட்டிருக்கிறார்கள். எஸ்.எஸ். துருப்பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உப்புநீர் படும் இடத்தில் எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் ஒட்டி நின்றால் அவை ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன, அதில் அரிக்கப்படுவது எப்போதும் அலுமினியம்தான். அரிப்பினால் உண்டாகும் அந்த வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையின் இடுக்குகளில் ஆப்பு வைத்தது போல் இறுகிக்கொள்கிறது.

தண்டு ஏறத்தாழ 5 எம்.எம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது நல்வாய்ப்பாகத் தோன்றியது. எரிபொருள் குழாயைக் கழற்றி, டேங்கைத் தொலைவில் வைத்துவிட்டு, கேஸ் டார்ச்சால் தண்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினேன். 100 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 எம்.எம். நீளும், எஸ்.எஸ். நீள்வது சுமார் 1.7 எம்.எம். மட்டுமே. 6 எம்.எம். துளையில் இதனால் கிடைக்கும் இடைவெளி மயிரிழையில் சிறு பங்குதான் என்றாலும், திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆறவிடும்போது அந்தப் பொடி விரிசல் விடும், மேலே விடும் எண்ணெய் உள்ளே இறங்கும். இரண்டு நாள் இப்படிச் செய்த நான் மூன்றாம் நாள் பொறுமை இழந்தேன். வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்காமல் ஒரே பக்கமாகத் திருகியதில் தண்டு முகப்போடு முகப்பாக மீண்டும் ஒடிந்தது.

அதன் பிறகுதான் லேத்துப் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். ஈசி அவுட் (ஒடிந்த போல்ட்டில் துளையிட்டு, உள்ளே கவ்வித் திருகி எடுக்கும் கடின எஃகுக் கருவி) போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் தலையை அசைத்துவிட்டார். “தம்பி, ரெண்டு தடவ ஒடிஞ்ச போல்ட்டு ஈசி அவுட்டுக்கா அசையப் போவுது? அது உள்ள ஒடிஞ்சிட்டுன்னா நம்ம பிட்டு ஒண்ணும் அதுல ஏறாது. தொளைச்சுத்தான் எடுக்கணும்” என்றார்.

எஸ்.எஸ். தண்டைத் துளைப்பதில் பெரிய சிக்கல், அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் அதைவிட மென்மையானது என்பதுதான். பிட் சற்று விலகினாலும் அலுமினியத்துக்குள் வழுக்கிப் போய்விடும். இதற்கு அவர் செய்த வழியைப் பார்த்து வியந்தேன். மூடியின் துளைக்குள் இறுக்கமாக உட்காருமாறு ஒரு சிறு எஃகு புஷ்ஷை (உருளை வளையம்) கடைந்து, அதன் நடுவில் 3 எம்.எம். துளையிட்டார். மூடியை மற்ற மூன்று போல்ட்டுகளால் பழையபடி பொருத்தி, புஷ்ஷை நான்காம் துளையில் இறக்கியதும் பிட்டுக்கு நேர்வழி தவிர வேறு வழி இல்லாமல் போனது. எஸ்.எஸ். தேய்த்தால் கடினமாகும் உலோகம் என்பதால் கோபால்ட் பிட்டை வேகமாகச் சுழலவிடாமல், எண்ணெய் விட்டு, சுருள் சுருளாகச் சீவல் வரும் அளவுக்கு அழுத்தம் கொடுத்துத் துளைத்தோம். அடியில் நீர்ப்பாதை இருந்ததால் ஆழத்தை அளந்து பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வைத்திருந்தோம். 3 எம்.எம். துளையை 4 ஆக்கி, பின்பு 5 ஆக்கியபோது மரையின் மெல்லிய ஓடு மட்டும் எஞ்சியது. அதைக் கூரிய ஊசியால் நெம்பியபோது ஸ்பிரிங் போலச் சுருண்டு வெளியே வந்தது.

அலுமினியத்தில் இருந்த மரை பாதிக்கு மேல் அரித்துப் போயிருந்ததால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட வேண்டியதாயிற்று. துளையை 6.3 எம்.எம். ஆக்கி, அதற்கென்றே உள்ள மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, 9 எம்.எம். நீளச் சுருளை முகப்புக்கு அரைச் சுற்று கீழே இருக்குமாறு இறக்கினோம். இந்தச் சுருளும் எஸ்.எஸ்.தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே அதன் வெளிப்புறத்திலும் அரிப்புத் தடுப்புப் பசையைப் பூசிய பிறகே இறக்கினேன். நான்கு போல்ட்டுகளையும் இன்ஜின் கம்பெனியின் பாகங்களாகவே புதிதாக வாங்கினேன். மரை முழுவதும் மரைன் கிரீஸ் தடவி, புது பேக்கிங் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) 8 நியூட்டன் மீட்டர் வரை மட்டுமே இறுக்கினேன். ஒரு பொடிப் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச் எதற்கு என்று கேட்பவர்கள், நீளமான ஸ்பேனரில் உள்ளங்கை எவ்வளவு எளிதாக அதைத் தாண்டிவிடுகிறது என்பதை ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

நன்னீர்த் தொட்டியில் இன்ஜினை 15 நிமிடம் ஓடவிட்டபோது சூட்டு ஒலி எழவில்லை; மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. இந்த ஆண்டும் வள்ளத்தைக் கரையேற்றிய மறுநாளே, பழுது எதுவும் இல்லாதபோதும், அந்த நான்கையும் கழற்றினேன். 10 நம்பர் ஸ்பேனருக்கு ஒவ்வொன்றும் அந்தச் சிறு வெட்டோடு விட்டுக்கொடுத்தது. மரையில் கிரீஸ் கறுக்காமல் இருந்தது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவித் திரும்பப் போட்டேன்.