ஸ்டைபெண்ட் ஒழுங்கா வரட்டும், அப்புறம் மூச்சுப்பயிற்சி பண்ணலாம்

அக்டோபர் 10 வந்தா போதும், உலக மனநல நாள்னு பிஎச்டி பண்ற எங்களை ஆடிட்டோரியத்துல கூப்பிட்டு உக்கார வெச்சிடுவாங்க. ஒருத்தர் வந்து மூச்சை இழு, விடு, பாசிட்டிவா யோசின்னு சொல்லிட்டு போவாரு, சமோசா டீ உண்டு, அன்னிக்கு சாயங்காலமே லேப் மீட்டிங்ல "டேட்டா எங்கப்பா?"ன்னு கேள்வி வரும். மூச்சுப்பயிற்சி மேல எனக்கு எந்த கோபமும் இல்லங்க. ஆனா மாசக்கணக்கா ஃபெலோஷிப், அதாவது மாசா மாசம் வர வேண்டிய ஸ்டைபெண்ட், வராதவன் எந்த மூச்சை கவனிப்பான், மெஸ் பாக்கியைத்தான் கவனிப்பான்.

2023 ஜனவரியில ஜேஆர்எஃப், அதாவது ஜூனியர் ஃபெலோஷிப், மாசம் 31,000 ரூபாய்ல இருந்து 37,000 ஆச்சு, அதுக்கு அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப், சீனியர் ஃபெலோஷிப், 42,000. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது எப்ப வரும்னு தெரியாது, வீட்டுக்கு பணம் அனுப்புற பசங்களுக்கு அந்த தெரியாமைதான் தூக்கத்தை கெடுக்குது. இன்னொண்ணு, ஜேஆர்எஃப் ரெண்டு வருஷம், எஸ்ஆர்எஃப் மூணு வருஷம், ஆக 5 வருஷத்தோட காசு நின்னுடும், பல்கலைக்கழக மானியக் குழுவோட (யூஜிசி) 2022 ரூல்ல பிஎச்டிக்கு 6 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, அதாவது தீசிஸ் எழுதி மண்டை காயற நேரத்துலதான் கையில காசு இருக்காது. கரெக்டா அப்பதான் ஊர்ல பெரியம்மா போன் பண்ணி "இன்னுமா படிக்கிற?"ன்னு கேப்பாங்க.

நான் சும்மா புலம்பல. பெல்ஜியத்துல ஃப்ளாண்டர்ஸ் பக்கம் 3,659 பிஎச்டி ஸ்டூடண்ட்ஸை வெச்சு பண்ண ஸ்டடி ஒண்ணு 2017ல வந்துச்சு, அதுல 32 சதவீதம் பேருக்கு மனநல பிரச்சனை இருக்கு இல்ல வர்ற ரிஸ்க் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எனக்கு நம்பரை விட அது எதோட சேர்ந்து வருதுன்றதுதான் முக்கியமா பட்டுச்சு. வேலை வீட்டு வாழ்க்கையை முழுங்குறது, வேலைப்பளு, நம்ம வேலை நம்ம கையில இல்லாதது, கைடு, அதாவது நம்ம ஆராய்ச்சியை மேற்பார்க்கிற ப்ரொஃபசர், டீமை நடத்துற விதம். இதுல எதுவும் மூச்சு சம்பந்தப்பட்டது இல்ல பாருங்க.

எக்ஸ்பெரிமெண்ட் ஊத்திக்கிறது வேற கதை. லேப்ல செல்லு வளக்குற செல் கல்ச்சர்ல ஃபங்கஸ் வந்து மொத்தமும் குப்பைக்கு போகும், அழுதுட்டு ஃப்ளாஸ்கை ப்ளீச் பண்ணிட்டு மறுபடி ஆரம்பிப்போம், அது தொழில். ஆனா அதே விஷயத்துக்கு கைடு எல்லார் முன்னாடியும் "நீ எதுக்கு சயின்ஸுக்கு வந்த"ன்னு கேட்டா அது தொழில் இல்ல. அந்த மாதிரி இடத்துல எல்லாத்தையும் தனியா சுமக்காம உங்க ஆராய்ச்சிக்குன்னு போட்ட ஆலோசனைக் குழுவுல இருக்கற இன்னொரு ப்ரொஃபசர்கிட்ட போய் பேசுங்க, பேசினதை ஒரு மெயிலாவும் போட்டு வெச்சுக்கோங்க. அந்தக் கமிட்டி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நம்ம ஸ்லைடு பாக்க மட்டும் இல்ல. யூஜிசி ஃபெலோஷிப்ல வருஷத்துக்கு 30 நாள் லீவும் உண்டு, பாதி பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்களுக்கு கேக்க பயம்.

தூக்கமில்லாம, சாப்பாடு இறங்காம, லேப் பென்ச்சுக்கு போகவே கால் வராம வாரக்கணக்கா ஓடுதுன்னா டாக்டரை பாக்கணும். மாத்திரை போட்டா மூளை மழுங்கிடும்னு நம்மாளுங்களுக்கு ஒரு பயம் இருக்கு, லேப்புக்கு ஒரு ஆன்டிபாடி வாங்கவே பத்து பேப்பர் படிக்கிற ஆளு இதுல மட்டும் வாட்ஸப் ஃபார்வர்டை நம்புவாரு. டாக்டர் கைடுகிட்ட சொல்லிடுவாரோன்னு இன்னொரு பயம். 2017 மனநல சட்டத்துலயே ட்ரீட்மென்ட் விவரம் ரகசியமா இருக்கணும்ன்றது பேஷண்டோட உரிமைன்னு இருக்கு, உயிருக்கு ஆபத்து மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான்.

நேர்ல போக தயக்கமா இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ன்ற மனநல ஹெல்ப்லைன், 2022ல சென்ட்ரல் கவர்மெண்ட் ஆரம்பிச்சது. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்ல ஜெல் எக்ஸ்பெரிமெண்ட் ஓடிட்டு இருக்கும்போது கூட பண்ணலாம்.