கூடு நிறைய மருந்து: 45-70 தோட்டாவுக்கு நான் 4198-ஐத் தேர்ந்த கதை

ஒஹையோவில் மான் வேட்டைக்கு எல்லா ரைஃபிளும் செல்லாது. சமதரை, சோள வயல், அங்கங்கே வீடுகள். குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வெகுகாலம் ஷாட்கன், வாய்வழியே மருந்து (வெடிமருந்து) இடும் துப்பாக்கி மாதிரியானவைதான் அனுமதி. 2014 முதல், கழுத்து குறுகாமல் குழாய் போல நேராக இருக்கும் கூடு கொண்ட தோட்டாக்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படித்தான் நூற்றைம்பது வயதை நெருங்கிய 45-70 தோட்டா எங்கள் பக்கத்து வயல்களுக்கு மறுபடி வந்தது.

எனக்கு ஒரு மார்லின் 1895 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (கைப்பிடிக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) கிடைத்தது. பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர், தோள்வலியால் இனி சுட முடியாது என்று சொல்லி விற்றார். கூடவே காலிப் பித்தளைக் கூடுகள் ஒரு காபி டப்பா நிறைய. கடையில் ஒரு தோட்டா 2 டாலருக்குக் குறைந்து கிடைக்கவில்லை. ஏற்கெனவே ரிவால்வருக்கு வீட்டிலேயே தோட்டா கட்டிக்கொண்டிருந்தவன் என்பதால், இதையும் நானே கட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். (இங்கே அது சட்டப்படி நடக்கிற பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.)

கையில் அரை டப்பா யூனிக் இருந்தது. ரிவால்வருக்கும் ஷாட்கன்னுக்கும் போடுகிற, வேகமாக எரிகிற மருந்து. ஈயக் குண்டு வைத்து மெதுவாகச் சுட 45-70க்கும் அதைப் போடலாம் என்று கையேட்டில் அட்டவணை இருந்தது. அளவும் சின்னது, ஒரு பவுண்டு டப்பாவில் எவ்வளவோ தோட்டா கட்டலாம். சரி, இதுவே போதும் என்று நினைத்தேன்.

அந்த இரவை நான் மறக்கவில்லை. ஐம்பது குழி போட்ட மரக்கட்டையில் ஐம்பது கூடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு இழுப்புக்கு ஓர் அளவு மருந்தைக் கொட்டும் பவுடர் மெஷரின் கைப்பிடியை இழுக்கிறேன், விடுகிறேன், அடுத்த கூடு. நடுவில் மகள் வந்து வீட்டுப்பாடத்தில் ஏதோ கேட்டாள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பித் தொடர்ந்தேன். ஐம்பதும் முடிந்ததும் வழக்கம்போல டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் மருந்து ஆழத்தில், கிணற்றில் கோடைகாலத் தண்ணீர் மாதிரி, அடியில் கிடக்கிறது. மூன்றாம் வரிசையில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் மேலே தெரிந்தது. நிழலோ என்று முதலில் நினைத்தேன். தராசில் கொட்டிப் பார்த்தால் சரியாக இரண்டு மடங்கு.

அந்த இரண்டு மடங்குக்கும் மேலே குண்டு வைக்க அந்தக் கூட்டில் தாராளமாக இடம் இருந்தது. வைத்து அழுத்தியிருந்தால் வெளியே எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. சுட்டிருந்தால் ரைஃபிளே பிளந்திருக்கலாம், என் முகத்துக்கு ஒரு சாண் முன்னால். ஐம்பதையும் டப்பாவில் கொட்டிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு மேலே போனேன். ஒரு வாரம் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

அப்புறம்தான் இந்தத் தோட்டாவைப் பற்றி முறையாகப் படித்தேன். 1873இல் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் டிராப்டோர் ரைஃபிளுக்காக வந்தது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: குண்டின் விட்டம் 0.45 அங்குலம் சுமார், மருந்து 70 கிரெய்ன் கருமருந்து. குண்டு 405 கிரெய்ன். கிரெய்ன் என்பது எடை, பவுண்டுக்கு 7,000. நம் பத்தர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெய்ன் என்றால் அளவு மனசில் பதியும். கருமருந்துக்கு வீரியம் குறைவு, இடம் நிறைய வேண்டும். அதனால்தான் கூட்டை அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். பின்னால் வந்த புகையில்லா மருந்துக்குக் கொஞ்சம் இடமே போதும், கூடோ அதே பழைய கூடு. என் இரட்டை அளவு ஒளிந்துகொண்டது அந்த மிச்ச இடத்தில்தான்.

அப்படியானால் நான் தேட வேண்டிய மருந்து எது? வேகம், துல்லியம் எல்லாம் பிறகு. முதலில் கூட்டை நன்றாக நிரப்ப வேண்டும். தவறிப்போய் இரண்டு தடவை போட்டால் வழிந்து மேசையில் கொட்ட வேண்டும். இந்த ஒரே நிபந்தனையை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

கருமருந்தையே போடலாம், இன்றும் போடுகிறவர்கள் உண்டு. சுட்டு முடித்த அன்றே குழலைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் துரு. வேலை நாட்களில் எனக்கு அது நடக்காது. டிரெயில் பாஸ் என்று ஒரு மருந்து, குட்டிக் குட்டி வளையங்களாக, பொரி மாதிரி இடத்தை அடைக்கும். பெரிய கூட்டில் மெதுவாகச் சுடவென்றே செய்தது. ஆனால் நான் தேடிய காலத்தில் எந்தக் கடை அலமாரியிலும் இல்லை. தொற்றுக்காலத்துக்குப் பிறகு மருந்துக்கும், கூட்டின் அடியில் இருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் வந்த பஞ்சம் எங்களை ரொம்பவே படுத்திவிட்டது.

பண்ணைக்காரரிடம் கேட்டேன். “நான் நாற்பது வருஷமாக 3031தான் போடுகிறேன், கூடு கழுத்து வரை நிறையும், நிம்மதியாகத் தூங்கலாம்” என்றார். ஐஎம்ஆர் 3031 ஒரு டப்பா வாங்கினேன். அவர் சொன்னது உண்மைதான், நன்றாக நிறைகிறது. ஆனால் நீளக் குச்சிகளாக இருக்கும் மருந்து. பவுடர் மெஷரின் கைப்பிடியை இழுக்கும்போது குச்சி மாட்டி, நறுக்கென்று வெட்டுப்படுவது கையிலேயே தெரியும். ஒருமுறை கூடுதலாக விழும், ஒருமுறை குறைவாக. ஒவ்வொன்றையும் தராசில் போட்டுத் துளித்துளியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. என்னால் முடியவில்லை.

கடைசியில் ஹாட்ஜ்டன் விற்கிற ஹெச் 4198-க்கு வந்தேன். இதுவும் குச்சி வகைதான், ஆனால் குட்டையாக நறுக்கியது. மெஷரில் ஓரளவு ஒழுங்காக இறங்குகிறது. நான் போடுகிற அளவுக்கு இரட்டிப்பாக விழுந்தால் கூடு கொள்ளாது, வழிந்துவிடும். வேண்டுமென்றே ஒரு காலிக் கூட்டில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். வாயைத் தாண்டிக் குவிந்து, மரக்கட்டை மேல் சிதறியது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆகஸ்ட் வெயிலில் குறி பார்த்துச் சரிசெய்கிறோம். மான் சுடுவதோ நன்றி அறிவித்தல் நாளுக்கு அடுத்த திங்களன்று தொடங்கும் வாரத்தில், மூச்சு உறையும் குளிரில். சில மருந்துகள் குளிரில் சோம்பிவிடும். ஹெச் 4198 ஆஸ்திரேலியாவில் தயாராவது, வெப்பம் மாறினாலும் பெரிதாக மாறாதபடி செய்தது. 405 கிரெய்ன் குண்டுக்கு விநாடிக்கு 1,600 அடியை ஒட்டி நான் எடுத்த வேகம் கோடையிலும் டிசம்பரிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐஎம்ஆர் 4198 என்று வேறொரு மருந்து இருக்கிறது. எண் ஒன்றுதான், மருந்து வேறு, அட்டவணையும் வேறு. கடையில் இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள், முன்னால் இருக்கும் எழுத்தையும் படியுங்கள்.

எவ்வளவு போட்டேன் என்ற எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. என் ரைஃபிளுக்கும் என் கூட்டுக்கும் சரியானது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. மருந்து நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்துத்தான் போட வேண்டும். அதிலும் 45-70க்கு மூன்று பகுதிகள் இருக்கும்: பழைய டிராப்டோருக்கு ஒன்று, லீவர் ஆக்‌ஷனுக்கு ஒன்று, ரூகர் நம்பர் 1 மாதிரி வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), டிராப்டோர்களையும் மனதில் வைத்து. மூன்றாம் பகுதியின் அளவை மார்லினில் போடுவது உயிரோடு விளையாடுவது.

வேறு ரைஃபிளில் பழகியவர்கள், பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்துக்கொண்டே அளவை ஏற்றுவார்கள். லீவர் ஆக்‌ஷனில் அதை நம்பவே கூடாது. பிரைமரில் அடையாளம் தெரிகிற அழுத்தம் வருவதற்கு முன்பே இந்த ரைஃபிள் தாங்கும் எல்லை தாண்டிப்போயிருக்கும். நான் லீவர் ஆக்‌ஷன் பகுதியின் தொடக்க அளவில் ஆரம்பித்து, அரை அரை கிரெய்னாக ஏற்றி, நடுவிலேயே நின்றுவிட்டேன். அதற்கே குண்டுகள் நூறு கஜத்தில் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. தோளும் பிழைத்தது.

குழாய் மேகசின் என்பதால் குண்டின் முனை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் பிரைமரில் இடிக்கிற மாதிரிதான் உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும். கூட்டின் வாயை குண்டின் பள்ளத்துக்குள் நன்றாக மடக்கிவிடவும் வேண்டும். இல்லையென்றால் உதையில் குண்டு உள்ளே இறங்கி அழுத்தம் ஏறும். மருந்து நிறைந்திருந்தால் அடியிலிருந்து அதுவும் கொஞ்சம் தாங்குகிறது.

போன டிசம்பரில் சோளம் அறுத்த வயலோரம், எழுபது கஜத்தில், ஒரு பெட்டை மான். ஒரே குண்டு. பண்ணைக்காரருக்குத் தொடைக்கறி கொண்டுபோய்க் கொடுத்தேன். “3031 தானே?” என்று கேட்டார். இல்லை என்றேன். கூடு நிறைந்ததா என்றார். நிறைந்தது என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

யூனிக் டப்பா இப்போது ரிவால்வர் சாமான்களோடு வேறு அலமாரியில் இருக்கிறது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பாதான். மருந்து போடும்போது யாராவது கூப்பிட்டால், அதுவரை போட்டதையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மகளுக்கும் தெரியும், அறைக்கதவு சாத்தியிருந்தால் காத்திருப்பாள். டார்ச்சும் நிற்கவில்லை.

சென்ற வாரம் அடுத்த டப்பா ஹெச் 4198 வாங்கினேன். லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) வேறு. லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும் என்பதால், பழைய அளவை அப்படியே போடாமல் மறுபடி கீழிருந்து ஏறிவருகிறேன். இதுவரை பத்துத் தோட்டா கட்டியிருக்கிறேன். சனிக்கிழமை சுட்டுப் பார்க்க வேண்டும்.